எர்மெனெஜில்து: பாட்டியின் செபப் புத்தகத்தில் இருந்த பெயர் எங்கிருந்து வந்தது?

முத்துக்குளித்துறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாட்டி இறந்தபின் அவருடைய தகரப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அட்டை கிழிந்த பழைய செபப் புத்தகம் ஒன்று கிடைத்தது. கடைசிப் பக்கங்களில் மாதவாரியாகத் திருநாள் பட்டியல். அந்தோணியார், சூசையப்பர், சவேரியார் என்று எல்லாம் தெரிந்த பெயர்கள். ஏப்ரல் 13-க்கு நேராக மட்டும் "அர்ச். எர்மெனெஜில்து, இராசா, வேதசாட்சி" என்று இருக்கிறது. (அர்ச். என்றால் அர்ச்சியசிஷ்ட. இப்போது 'புனித' என்கிறோமே, அதன் பழைய வடிவம். வேதசாட்சி என்றால் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்.)

கடற்கரை ஊர்களில் விதவிதமான பெயர்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். இந்தப் பெயர் வைத்த ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. இணையத்தில் தேடினால், குழந்தைப் பெயர்த் தளம் ஒன்று 'ஜெர்மன் பெயர், பொருள்: மாபெரும் தியாகம்' என்கிறது. இன்னொன்று 'ஹெர்மஸ் தேவனின் பொன்' என்கிறது. எதை நம்புவது? யார் இந்த ராசா?

மதுரைக்காரன் எழுதியது:

இந்தப் பெயரை நான் ஒரு கோட்டின் உள்பக்கத்தில் பார்த்திருக்கிறேன். எர்மெனெஜில்தோ ஸெஞ்ஞா. இத்தாலியத் துணி நிறுவனம், 1910-ல் தொடங்கியது. விலையைக் கேட்டதும் நான்தான் வேதசாட்சி ஆகியிருப்பேன்.

பழஞ்சுவடி எழுதியது:

சகோதரி, இளமையில் சில ஆண்டுகள் குருமடத்தில் லத்தீன் படித்துவிட்டு வெளியே வந்தவன் நான். கதையை நான் சொல்கிறேன். சொல்லாராய்ச்சிக்கு மொழிப்பித்தன் வருவார்.

6-ஆம் நூற்றாண்டு. இன்றைய ஸ்பெயினின் பெரும்பகுதியை விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ஆண்டுகொண்டிருந்தார்கள். தலைநகர் தொலேதோ. அரசன் லியோவிகில்ட். அவனுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன்தான் உங்கள் எர்மெனெகில்ட், இளையவன் ரெக்கரெட். கோத்துகள் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் ஆரியுஸ் என்பவரின் போதனையைப் பின்பற்றியவர்கள். மகன் தந்தைக்குச் சமமானவர் அல்லர் என்பது அந்தப் போதனை. (அவர்களை 'ஆரியர்' என்று சுருக்கி எழுதினால் இந்தத் தளத்தில் வேறு சண்டை தொடங்கிவிடும் என்பதால் சுற்றி வளைக்கிறேன்.) குடிமக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்.

579-ல் மூத்தவனுக்குப் பிராங்கிய இளவரசி இங்குண்டை மணமுடித்தார்கள். அவள் கத்தோலிக்கப் பெண். மாமியார் ஸ்தானத்தில் இருந்த அரசி கொயிஸ்வின்தா, மாப்பிள்ளைக்குச் சிற்றன்னை. மணப்பெண்ணுக்கோ சொந்தத் தாய்வழிப் பாட்டி! அந்தப் பாட்டி பேத்தியைத் தங்கள் கொள்கைப்படி மறுபடி ஞானஸ்நானம் பெறச் சொல்கிறாள். பேத்தி மறுக்கிறாள். பாட்டி அவளை முடியைப் பிடித்துத் தரையில் தள்ளி, இரத்தம் வரும்வரை உதைத்து, ஆடையைக் களைந்து குளத்தில் இறக்கச் சொன்னாள் என்று தூர் நகரத்து ஆயர் கிரகோரி எழுதியிருக்கிறார். அவர் அதே காலத்தவர். ஆனால் பிராங்கியர் பக்கத்துக் கத்தோலிக்கர், எனவே கொஞ்சம் உப்பைக் குறைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

வீட்டுக்குள் நிம்மதி இருக்கட்டும் என்றோ என்னவோ, தந்தை மகனைத் தெற்கே செவில் நகருக்கு ஆளுகை செய்ய அனுப்பினான். அங்கே மனைவியும் லெயாந்தர் என்ற துறவியும் சேர்ந்து அவனைக் கத்தோலிக்கனாக்கினார்கள். அவன் தன்னை அரசனாக அறிவித்துக்கொண்டான். தந்தை சில ஆண்டுகள் பொறுத்திருந்து படையோடு வந்தான். 583-ல் செவில் முற்றுகை. மகனுக்குத் துணை நின்ற பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) தளபதிக்கு 30,000 பொற்காசுகள் கொடுத்து விலக்கினான் என்று அதே தூர் கிரகோரி சொல்கிறார். 584-ல் கொர்தோபாவில் ஒரு கோயிலுக்குள் ஒளிந்திருந்த அண்ணனைத் தம்பி ரெக்கரெட்தான் பேசி வெளியே அழைத்து வந்தான். அடுத்த ஆண்டு தர்ரகோனாவில் சிஸ்பெர்ட் என்பவன் கையால் கொலை. சிறையில் பாஸ்கு (ஈஸ்டர்) இரவில் ஆரியுஸ் கொள்கை ஆயர் கொண்டுவந்த நற்கருணையை வாங்க மறுத்தான், அதனால் கோடரியால் வெட்டப்பட்டான் என்பது போப் பெரிய கிரகோரியார் எழுதிவைத்த கதை. வேதசாட்சிப் பட்டம் அங்கிருந்து வருகிறது.

சந்தேகி எழுதியது:

அப்பனுக்கு எதிராகக் கலகம் செய்து தோற்றவன் புனிதரா? அந்தக் காலத்து ஸ்பெயின்காரர்கள் என்ன சொன்னார்கள்?

பழஞ்சுவடி எழுதியது:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அந்நாட்டிலேயே இருந்த பிக்லார் யோவான் என்ற கத்தோலிக்க வரலாற்றாசிரியர் அவனைக் கலகக்காரன் என்றுதான் எழுதினார். வேதசாட்சி என்ற பேச்சே அவரிடம் இல்லை. லெயாந்தரின் சொந்தத் தம்பி இசிதோருங்கூட அப்படித்தான். இத்தனைக்கும் 587-ல் தம்பி ரெக்கரெட்டே கத்தோலிக்கனாகி, 589-ல் தொலேதோ சங்கத்தில் நாட்டையும் மாற்றிவிட்டான். அதன்பிறகும் அண்ணனைப் புகழ அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. இறந்து ஆயிரம் ஆண்டு கழித்து, 1585-ல், இரண்டாம் பிலிப் மன்னன் கேட்டுக்கொண்டதால் போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் அவனுக்குப் பீடமேறும் பெருமையைத் தந்தார். போர்ச்சுக்கலும் அப்போது பிலிப்பின் கையில்தான் இருந்தது.

மொழிப்பித்தன் எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும், இங்கே ஜெர்மனியில் இப்போதுதான் விடிகிறது.

முதலில் ஒன்று: 'ஜெர்மன் பெயர்' என்று சொல்லாதீர்கள், 'ஜெர்மானியப் பெயர்' என்று சொல்லுங்கள். கன்னடச் சொல்லைத் தமிழ்ச் சொல் என்று சொன்னால் எப்படியோ அப்படித்தான் இதுவும். கோத்து மொழி இன்றைய ஜெர்மனுக்குத் தாயும் அல்ல, மகளும் அல்ல. அதே குடும்பத்தில் செத்துப்போன ஒரு கிளை.

பெயர் இரண்டு துண்டு: எர்மென் + கில்ட்.

முதல் துண்டுக்கு 'முழுவதுமான, பரந்த, மாபெரும்' என்று பொருள். உறவுச் சொற்கள் வடக்கே எங்கும் கிடக்கின்றன. பழைய ஆங்கிலத்தில் பரந்த பூமிக்கு 'எயோர்மென்க்ருண்ட்'. சாக்சன்கள் வணங்கிய பெருந்தூண் 'இர்மின்சூல்', 772-ல் சார்லமேன் அதை வெட்டிச் சாய்த்தான். நார்ஸ் புராணத்தில் உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு 'யோர்முன்காந்தர்', அதன் முதல் பாதியும் இதுவே.

இரண்டாம் துண்டு 'கில்ட்'. கோத்து மொழி எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம் 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் செய்த விவிலிய மொழிபெயர்ப்பு. ஊதாச் சாயம் ஏற்றிய தோலில் வெள்ளி மையால் எழுதிய அதன் படி ஒன்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 187 ஏடுகள் அங்கே, ஓர் ஏடு ஜெர்மனியின் ஸ்பேயர் நகரில். இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று இயேசுவை மடக்கப் பார்க்கும் இடம் நினைவிருக்கிறதா? அங்கே 'வரி' என்பதற்கு வுல்ஃபிலா போட்ட சொல் 'கில்ட்'. மாற்கு நூலில் 'கைசரகில்ட்' என்றே சேர்த்து எழுதியிருக்கிறார். செலுத்த வேண்டியது, ஈடு, மதிப்பு என்று அதன் பொருள் விரியும். ஜெர்மனில் பணத்துக்கு 'கெல்ட்' என்கிறார்களே, அதுவும் இதன் தங்கை.

ஆகவே பொன்னுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. கோத்து மொழியில் பொன் 'குல்த்'. உயிரெழுத்தே வேறு.

மதுரைக்காரன் எழுதியது:

அப்படியானால் பொருள் 'மாபெரும் வரி'யா? இன்றைய நிலைமைக்குப் பொருத்தமான புனிதர்.

மொழிப்பித்தன் எழுதியது:

சிரிப்பாகச் சொன்னாலும், குழந்தைப் பெயர்த் தளங்கள் தவறும் இடம் அதுதான். இந்தப் பெயர்களை ஒரு வாக்கியமாகப் பெயர்க்கக் கூடாது. ஜெர்மானியர் வீடுகளில் குடும்பத்துக்கென்று சில பெயர்த்துண்டுகள் புழங்கும். அவற்றை மாற்றி மாற்றிக் கோத்துக் குழந்தைக்கு வைப்பார்கள். தந்தை லியோவி-கில்ட் (லியோவி என்பது 'அன்புக்குரிய'), மகன் எர்மென-கில்ட். ராஜராஜன், ராஜேந்திரன், ராஜாதிராஜன் என்று சோழர் வீட்டில் 'ராஜ' ஓடவில்லையா? நம் ஊரில் செல்வக்குமார், செல்வமணி, செல்வராணி என்று உடன்பிறந்தவர்களுக்கு வைப்பதும் இதே பழக்கம். செல்வமணியிடம் போய் 'உன் பெயருக்குப் பணமாகிய ரத்தினம் என்றா பொருள்?' என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. எர்மெனெகில்ட் தன் மகனுக்கு வைத்த பெயர் அதனகில்ட். அது மனைவி இங்குண்டின் தாத்தா பெயர். அவரும் முன்பு கோத்துகளின் அரசர், அந்தக் கொயிஸ்வின்தாவின் முதல் கணவர். அந்தக் குழந்தையையும் அவர்கள் பேரன் என்றே சொல்லலாம், பெயரைத் தாங்கியவன்தானே பேரன்.

சந்தேகி எழுதியது:

பொன் போகட்டும். ஹெர்மஸ் ஏன் கூடாது? ஸ்பானிய மொழியில் எழுதும்போது முதலில் எச் போட்டுத்தான் எழுதுகிறார்கள். ஹெர்மன் என்ற ஜெர்மன் பெயரிலும் எச் இருக்கிறது. நீங்கள் அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

இதற்கு என்னிடம் கல்லே இருக்கிறது! செவிலுக்கு அருகே அல்காலா தெ குவாதைரா என்ற ஊரில் 17-ஆம் நூற்றாண்டில் கிடைத்த கல்வெட்டு அது. இப்போது செவில் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சகோதரியின் ராசா உயிரோடு இருந்தபோதே வெட்டியது. நம் கல்வெட்டுகளில் 'யாண்டு 2-ஆவது' என்று வருவதுபோலவே தொடங்குகிறது:

"ஆண்டவர் பெயரால், எம் தலைவர் எர்மினிகில்ட் அரசரின் மங்கல ஆட்சியின் இரண்டாம் ஆண்டில், அவரை அவரைப் பெற்றவராகிய தலைவர் லியூவிகில்ட் அரசர் துரத்தித் துன்புறுத்துகிறார், செவில் நகரில்..."

கடைசி இரு சொற்களை எப்படிப் படிப்பது என்று இன்றும் சண்டை. நமக்கு வேண்டியது முதல் வரி. அதில் அரசன் பெயர் 'எ'-யில்தான் தொடங்குகிறது, முன்னால் எச் கிடையாது. அவன் அடித்த பொற்காசுகளிலும் எச் இல்லை. லத்தீனில் அந்த ஒலி அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் எழுத்தில் இருந்தது. எங்கே போடுவது, எங்கே விடுவது என்று தெரியாமல் எழுத்தர்கள் வேண்டாத இடத்திலும் போட்டார்கள். கோத்துகளின் பழைய அரசன் ஒருவனை 4-ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் 'எர்மென்றிக்' என்கிறார். 6-ஆம் நூற்றாண்டில் இன்னொரு வரலாற்றாசிரியர் யோர்தானெஸ் அதே ஆளை 'ஹெர்மனறிக்' என்கிறார். நம்மில் சிலர் றகரம், ரகரம் குழம்பி எழுதுவதுபோலத்தான்.

அந்தக் கல்லில் எனக்குப் பிடித்தது வேறொன்று. மகனும் 'ரெக்ஸ்', தந்தையும் 'ரெக்ஸ்'. கலகம் செய்துகொண்டிருக்கும்போதும் தந்தையின் பட்டத்தைச் சிதைக்க அந்தச் சிற்பிக்கு, அல்லது அவனுக்குச் சொன்னவருக்கு, மனம் வரவில்லை.

மொழிப்பித்தன் எழுதியது:

ஹெர்மன் என்ற பெயரில் இருக்கும் எச் உண்மையானது. அதன் முதல் பாதி 'படை' என்று பொருள்படும் வேறு சொல். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிறது, அவ்வளவுதான்.

சந்தேகி எழுதியது:

கல்லுக்குத் தலைவணங்குகிறேன். ஹெர்மஸ் வாபஸ்.

முத்துக்குளித்துறை எழுதியது:

அப்பாடா! ஆனால் புத்தகத்தில் 'கில்து' இல்லை, 'ஜில்து' என்றல்லவா இருக்கிறது? அச்சுப்பிழையா?

மொழிப்பித்தன் எழுதியது:

பிழை இல்லை, அது வழித்தடம். கோத்து மொழியில் வல்லொலியாக இருந்த 'கி', லத்தீனின் மகள் மொழிகளில் மெலிந்து 'ஜி' ஆகிவிட்டது. போர்ச்சுக்கீசியர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் மூவருமே மெலித்துத்தான் சொல்வார்கள். கோவில் லத்தீனும் அப்படியே. ஆகவே அந்தப் பட்டியலைத் தமிழாக்கியவர் பெயரைக் காதால் வாங்கியது கோத்துகளிடமிருந்தோ ஜெர்மானியரிடமிருந்தோ அல்ல, தென் ஐரோப்பியப் பாதிரியார் ஒருவர் வாயிலிருந்து. அந்த ஒரு 'ஜி' அதைக் காட்டிக்கொடுக்கிறது. எச் இல்லாமல் எழுதியதும் அதற்குப் பொருந்துகிறது, அந்த மூன்று மொழிகளிலும் அது ஊமை.

நீர்கொழும்பு வாசி எழுதியது:

ஆர்வமாக வாசித்துக்கொண்டு வருகிறேன். அக்கா முதலில், இந்தப் பெயரில் ஒருவரையும் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்கள் பக்கத்தில் மெண்டிஸ் என்று குடும்பப் பெயர் உண்டா? எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு.

முத்துக்குளித்துறை எழுதியது:

உண்டா என்று கேட்கிறீர்களா! பாட்டியின் பிறந்த வீடே மெண்டிஸ் குடும்பந்தான். அதற்கும் இதற்கும் என்ன?

நீர்கொழும்பு வாசி எழுதியது:

மொழிப்பித்தன் அண்ணா விளக்கட்டும். மெண்டிஸ் என்பது போர்ச்சுக்கீசிய 'மெந்தெஸ்' என்று மட்டும் எனக்குத் தெரியும், அந்த மெந்தெஸ் இந்த ராசாவிடம் போய் முடியும் என்று எங்கோ வாசித்த நினைவு.

மொழிப்பித்தன் எழுதியது:

சரியாகவே வாசித்திருக்கிறீர்கள், தம்பி. நானே இதை மறந்துவிட்டேன் பாருங்கள்.

மெந்தெஸ் என்றால் 'மெந்தோவின் மகன்'. பெர்னாந்தோ மகன் பெர்னாந்தெஸ், ரொத்ரிகோ மகன் ரொத்ரிகெஸ் என்பதுபோல. இந்த மெந்தோ 'மெனெந்தோ' என்பதன் சுருக்கம். மெனெந்தோ எர்மெனெகில்தோவின் தேய்வு. தலையில் இருந்த 'எர்' உதிர்ந்தது, நடுவில் இருந்த 'கி' கரைந்தது. சுப்பிரமணியன் கடைசியில் வெறும் 'மணி'யாக நிற்கிறாரே, அப்படித் தலையிழந்த பெயர்.

இது வெறும் ஒலிக் கணக்கு மட்டுமல்ல, ஆளை வைத்தும் காட்டலாம். 10-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கல் பகுதியை ஆண்ட பிரபு ஒருவர், கிமராயிஸ் நகரில் மடமும் கோட்டையும் எழுப்பிய முமாதோனா சீமாட்டியின் கணவர். எர்மெனெகில்தோ கொன்சால்வெஸ் என்றும் மெந்தோ கொன்சால்வெஸ் என்றும் இரண்டு வகையாகவும் குறிக்கப்படுபவர். அவர் பேரனும் மெந்தோதான், 1008-ல் இறந்தார். முழுப் பெயர் ஏட்டில், தேய்ந்த பெயர் வாயில். பிறகு வாய் ஜெயித்துவிட்டது. 16-ஆம் நூற்றாண்டில் ஆசியா முழுவதும் சுற்றித் திரிந்து பயணநூல் எழுதிய பெர்னாவ் மெந்தெஸ் பிந்தோவின் நடுப்பெயரும் இதே.

எனவே பாட்டியின் புத்தகத்தில் அந்தப் பெயர் இரண்டு தடவை இருந்திருக்கிறது. பட்டியலில் ஒன்று, முதல் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அங்கே ஒன்று.

மதுரைக்காரன் எழுதியது:

அப்படியானால் முத்துக்குளித்துறை அவர்கள் விசிகோத்து ராஜ வம்சம்! இனிமேல் மரியாதையாகப் பேச வேண்டும்.

சந்தேகி எழுதியது:

இதைத்தான் பயந்தேன். நாளைக்கே யாராவது 'கடற்கரைத் தமிழர் ஜெர்மானிய வம்சம்' என்று காணொளி போட்டுவிடுவார்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

போடுவார்கள்தான். பெயர் வந்த வழி ஞானஸ்நானத் தொட்டி. 1530-களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றபோது போர்ச்சுக்கீசியப் பெயர்களையும் பெற்றார்கள். இலங்கைக் கரையிலும் அதேபோல் நடந்தது. பெர்னாந்தோவும் மெந்தெஸும் அப்படிப் பரவிய பெயர்கள். இரத்தத்துக்கு அதில் வேலை இல்லை.

இதற்கு நம் வீட்டுச் சான்றே இருக்கிறது. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழாக்கியவர் என்றீக்கே என்றீக்கெஸ். அந்த நூலே அவரை 'அண்டிரிக்கிப் பாதிரியார்' என்கிறது (அங்கும் எச் இல்லை, கவனியுங்கள்). பெயர் சுத்தமான ஜெர்மானியம்: 'ஹைம்' வீடு, 'ரிக்' ஆள்பவன். மனிதரோ யூத வம்சத்தில் பிறந்த போர்ச்சுக்கீசியர். அந்தப் பிறப்பைக் காரணம் காட்டியே பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியேற்றியது, பிறகு இயேசு சபையில் சேர்ந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழ்க் கடற்கரையில் கழித்து 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். ஜெர்மானியப் பெயர், யூதப் பிறப்பு, தமிழ் எழுத்து. இவரை எந்த வம்சத்தில் சேர்ப்பீர்கள்?

நீர்கொழும்பு வாசி எழுதியது:

அப்படியென்றால் எங்கள் பெரேரா, சில்வா, கோமஸ், ரொட்ரிகோ எல்லாமே ஜெர்மானியமா?

மொழிப்பித்தன் எழுதியது:

பாதிக்குப் பாதி. பெரேரா போர்ச்சுக்கீசியத்தில் பேரிக்காய் மரம், சில்வா லத்தீனில் காடு. இரண்டிலும் ஜெர்மானியம் துளியும் இல்லை. பீரிஸ் பேதுருவின் மகன், எனவே கிரேக்கம். கோமஸ் கோத்து மொழியின் 'குமா', அதாவது ஆண்மகன். ரொட்ரிகோ 'புகழ்' + 'ஆள்பவன்'. 711-ல் அரபுப் படையிடம் தோற்ற விசிகோத்து அரசனுக்கும் அதே பெயர்தான். பெர்னாந்தோவில் பின்பாதி 'துணிவு' என்பது உறுதி, முன்பாதி 'அமைதி'யா 'பயணமா' என்று இரு கட்சி உண்டு. கடலோடிகளுக்குப் பயணமே இருக்கட்டும் என்று என் மனம் சாய்கிறது, ஆனால் அது ஆராய்ச்சி அல்ல, ஆசை.

என்றீக்கே மட்டும் வேறு வாசல் வழியாக வந்தவர். கோத்துகள் கொண்டுவந்த பெயர் அல்ல. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பர்கண்டியிலிருந்து வந்த என்றீக்கே பிரபுவோடு போர்ச்சுக்கலில் காலூன்றியது. அவர் மகன்தான் போர்ச்சுக்கலின் முதல் அரசன்.

முத்துக்குளித்துறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மொழிப்பித்தன் ஐயா சொன்ன முதல் பக்கம் கிழிந்து போயிருக்கிறது. ஆனால் நடுவில், மாதா பிரார்த்தனைப் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால் 'ம. மெண்டிஸ்' என்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் எழுதியதாக இருக்க வேண்டும்.

அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். பாட்டி பேத்தியின் முடியைப் பிடித்து இழுத்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், "அப்படியானால் ஏப்ரல் 13-க்குப் பாயசம் வைக்க வேண்டுமா, வேண்டாமா? அதை முதலில் கேட்டுச் சொல்" என்கிறார்.

பழஞ்சுவடி எழுதியது:

வையுங்கள். பெரும்பாலும் தவக்காலம் முடிந்திருக்கும்.

நீர்கொழும்பு வாசி எழுதியது:

மொழிப்பித்தன் அண்ணா, கொன்சால்வெஸ் பற்றி ஒரு சந்தேகம்...

மொழிப்பித்தன் எழுதியது:

அதற்குப் புது இழை தொடங்குங்கள் தம்பி. அந்தப் பெயரின் பின்பாதியில் பண்டிதர்களுக்கே தகராறு, இங்கே கலந்தால் இதுவும் குழம்பிவிடும்.